காலரா: டோஸ் கணக்கை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காலரா தடுப்பு மருந்துத் தட்டுப்பாடு பற்றி நம் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. எத்தனை லட்சம் டோஸ் கேட்டார்கள், எத்தனை வந்தது, உலகக் கையிருப்பு எப்போது காலியானது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எண்களில் பிழையில்லை. ஆனால் படிப்பவர், மருந்து போய்ச் சேராததால்தான் சூடானிலும் அங்கோலாவிலும் ஜனங்கள் சாகிறார்கள் என்று எண்ணிக்கொள்வார். காலரா வந்துவிட்ட ஒருவர் பிழைப்பது, முதல் சில மணி நேரத்தில் அவர் உடம்புக்குள் எவ்வளவு உப்பும் தண்ணீரும் திரும்பிப் போயின என்பதைப் பொறுத்தது. அந்த மணி நேரத்தில் தடுப்பு மருந்துக்கு வேலையே இல்லை. (இன்னொன்று: செய்திகளில் 'காலரா தடுப்பூசி' என்றே வருகிறது. இப்போது உலகக் கையிருப்பில் உள்ளது ஊசி அல்ல. 1.5 மி.லி. அளவில் வாயில் ஊற்றும் சொட்டு மருந்து.)

உலக சுகாதார நிறுவனத்துக்கு நாடுகள் தெரிவித்த கணக்கைப் பாருங்கள். 2023-இல் நோயாளிகள் 5,35,321, இறந்தவர்கள் 4,007. 2024-இல் நோயாளிகள் 5,60,823, இறந்தவர்கள் 6,028. நோய் 5 சதவீதம்தான் கூடியிருக்கிறது, சாவோ 50 சதவீதம். பதிவாகாமல் போனவை இதற்கு வெளியே. தடுப்பு மருந்துப் பற்றாக்குறை முதல் எண்ணைக் கூட்டும். இரண்டாவது எண் இப்படித் தாவினால் சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்று பொருள்.

காலராக் கிருமி குடலைத் துளைப்பதில்லை, ரத்தத்திலும் கலப்பதில்லை. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-இல் நிரூபித்தார். நச்சு பட்ட செல்கள் உப்பைக் குடலுக்குள் கொட்டுகின்றன. உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. அரிசி கழுவிய தண்ணீர்போல மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் பேதியாகும். சிகிச்சை கிடைக்காத கடுமையான நோயாளிகளில் பாதிப் பேர்வரை இறந்துவிடுவார்கள். ஆனால் குடலில் ஒரு வாசலை மட்டும் அந்த நச்சு மூடுவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகும் வாசல் அது. ஓ.ஆர்.எஸ். என்னும் வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசல் முழுக்க முழுக்க அதை நம்பியே தயாரிக்கப்பட்டது. வெறும் உப்புத் தண்ணீரோ வெறும் சர்க்கரைத் தண்ணீரோ அந்த வேலையைச் செய்யாது.

1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் முகாமில் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலனோபிஸின் குழு ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தது. முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. கரைசலை ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்களே.

தடுப்பு மருந்து இல்லாமலேயே பெரிய கொள்ளைநோயைச் சமாளித்த நாடு பெரு. 1991-இல் அங்கே 3,22,562 பேருக்குக் காலரா, இறந்தவர்கள் 2,909. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மூன்றே வருடம் கழித்து, 1994 ஜூலையில், ருவாண்டா அகதிகள் திரண்ட, காங்கோவின் (அன்றைய ஜயர்) கோமா நகரில் முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் காலராவும், அதை அடுத்து வந்த சீதபேதியும்தான் காரணம். உலகத்தின் உதவி அமைப்புகளெல்லாம் அங்கே முகாமிட்டிருந்தன. டாக்காவிலிருந்து போன மருத்துவக் குழு அங்கு கண்ட குறைகள் மிகச் சாதாரணமானவை: திரவம் ஏற்றும் வேகம் போதவில்லை, ஏற்றிய திரவமே தவறானது, வாய்வழிக் கரைசலைப் போதிய அளவு கொடுக்கவில்லை, பணியாளர்களுக்குக் காலரா பார்த்த அனுபவம் இல்லை. 2022 மார்ச்சில் மலாவியில் தொடங்கிய பரவலில் சுமார் 59,000 பேர் பாதிக்கப்பட்டு 1,768 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மூன்று. ஒரு சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதே ஏற்கப்பட்ட அளவுகோல். பெரு அதை முப்பது வருடம் முன்பே தொட்டுவிட்டது.

இந்த வேகம், திரவம் என்பவற்றை விவரமாகச் சொல்ல வேண்டும். தவறு நடப்பது அங்கேதான்.

கடுமையாக நீர் வற்றிய நோயாளியின் கண் குழிந்திருக்கும், மணிக்கட்டில் நாடி பிடிபடாது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நிற்கும். அவருக்கு வேண்டியது ரிங்கர் லாக்டேட் (பொட்டாசியமும் கலந்த, டிரிப்பாக ஏற்றும் உப்புத் திரவம்), உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.லி. ஒரு வயதைக் கடந்தவர்களுக்கு அதில் 30 மி.லி. முதல் அரை மணியில், மீதி 70 அடுத்த இரண்டரை மணியில். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதே அளவு, ஆனால் ஒரு மணியும் ஐந்து மணியுமாக மெதுவாக. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால் அரை மணியில் ஒன்றரை லிட்டர், மொத்தம் மூன்று மணியில் ஐந்து லிட்டர். நம் ஊர் அரை லிட்டர் பாட்டிலில் பத்து. சாதாரண வார்டில் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பழகிய கை இந்த வேகத்துக்குத் தயங்கும். மெல்லிய ஊசி வழியாக இவ்வளவு வேகம் வரவும் வராது. 16 அல்லது 18 கேஜ் அளவுள்ள தடித்த ஊசி வேண்டும். முடியாவிட்டால் இரு கைகளிலும் ஏற்ற வேண்டும். 'குளுக்கோஸ் ஏற்றினோம்' என்று சொல்லும் அந்த 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் உப்பே கிடையாது. காலராவுக்கு அது பயன்படாது. நார்மல் சலைன் வேறு வழியில்லாதபோது உயிரைக் காக்கும், ஆனால் அதில் பொட்டாசியம் இல்லை. நோயாளி விழுங்க ஆரம்பித்ததுமே டிரிப்போடு சேர்த்து ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தொடங்குவது அதனாலும்தான்.

இவ்வளவும் கடுமையான சிறு பகுதியினருக்கு. பத்தில் எட்டுப் பேருக்கு டிரிப் தேவையே இல்லை. கண் சற்றுக் குழிந்து, தாகத்தோடு பறித்துக் குடிக்கும் நிலையில் இருப்பவருக்கு நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி. ஓ.ஆர்.எஸ்.; 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டையும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 20 மி.கி. துத்தநாகம், பத்து நாள். பேதியை 'நிறுத்தும்' லோபரமைடு போன்ற மாத்திரைகள் கூடவே கூடாது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பெரியவர்களுக்கு ஒரே வேளை 300 மி.கி.; அது பேதியின் அளவையும் நாட்களையும் குறைக்கும், திரவத்துக்கு மாற்று ஆகாது.

நூறு நோயாளிகளுக்குச் சேமித்து வைக்க வேண்டியது என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பட்டியல் ஒரு மினி லாரியில் அடங்கிவிடும்: ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 650, ரிங்கர் லாக்டேட் 120 லிட்டர் அதற்கான குழாய்களோடு, டாக்சிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை 60. இதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். மாவட்டத் தலைநகரில் கூடாரம் போட்டு நூறு கட்டில் வரிசையாக வைத்தால் படம் நன்றாக வரும். இருபது கிலோமீட்டர் தள்ளி இரவு இரண்டு மணிக்குப் பேதி ஆரம்பித்தவர் விடிவதற்குள் முடிந்துவிடுவார். தென் சூடானின் அக்கோபோ வட்டாரத்தில், அமெரிக்க நிதி வெட்டால் சிகிச்சை மையங்கள் மூடிய பிறகு, காலரா கண்ட குழந்தைகள் ஐந்து பேரும் பெரியவர்கள் மூவரும் மருத்துவம் தேடி வெயிலில் நடந்து போகும் வழியிலேயே இறந்ததாக 2025 ஏப்ரலில் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு தெரிவித்தது. அங்கே தேவைப்பட்டது பெரிய ஆஸ்பத்திரி அல்ல. ஒரு மேசை, மூடியும் குழாயும் உள்ள இரண்டு வாளி, லிட்டர் அளவு குறித்த பாத்திரம், டம்ளர், கரண்டி, சோப்பு, பாக்கெட்டுகள், ஒரு நோட்டு, நாடி பார்க்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர், முடியாதவரை ஏற்றிப்போக ஒரு வண்டி. இப்படி ஒரு வாய்வழிச் சிகிச்சை முனை நடை தூரத்தில் இருந்தால் போதும். அது தோற்பது இரண்டே வழியில்: வாளியில் ஊற்ற நல்ல தண்ணீர் இல்லாமல் போகும், அல்லது மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இனி தடுப்பு மருந்து. அதைக் குறைத்துச் சொல்வது நோக்கமல்ல. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் தயாரித்த ஷான்கால் 2009-இல் இந்தியாவில் உரிமம் பெற்று, 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரமும் பெற்றது. 1992-இல் சென்னையில் முதலில் தலைகாட்டிய ஓ139 என்ற புதிய வகைக் கிருமியையும் சேர்த்தே அந்த மருந்து உருவாக்கப்பட்டது. 2013-இல் உலகக் கையிருப்பு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், செஞ்சிலுவை-செம்பிறைக் கூட்டமைப்பு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து அதைப் பங்கிடுகின்றன. ஷான்கால் உற்பத்தி 2023 முடிவோடு நின்றுவிட, தென் கொரியாவின் யூபயாலஜிக்ஸ் ஒன்றே உலகத்துக்குப் படியளக்கும் நிலை வந்தது. அந்த நிறுவனத்தின் எளிமையாக்கப்பட்ட யூவிகால்-எஸ் 2024 ஏப்ரலில் அங்கீகாரம் பெற்றது. அதே வருடம் ஆகஸ்டில் பாரத் பயோடெக் ஹில்கால் மருந்தை அறிமுகப்படுத்தியது. இலாபம் குறைந்த மருந்தைப் பெரிய கம்பெனி கைவிட்டால் மாற்று வருவதற்கு வருடங்கள் ஆகும். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இரண்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ் கொடுத்தால் குறைந்தது மூன்று வருடப் பாதுகாப்பு. 2022 அக்டோபரில் தட்டுப்பாட்டால் பரவல் நடக்கும் இடங்களில் ஒரு டோஸோடு நிறுத்திக்கொள்ள முடிவாயிற்று. அதன் பாதுகாப்பு குறுகிய காலத்துக்குத்தான். இதற்கு நடுவே நாட்கணக்கு ஒன்று இருக்கிறது. நோய் தெரிய வேண்டும். பேதி மாதிரியை, கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் போக வேண்டும். பெட்டி 2 முதல் 8 டிகிரி குளிரில் வர வேண்டும். கொடுத்த பிறகும் உடம்பில் எதிர்ப்பு உருவாக ஒரு வாரம் பிடிக்கும். இதில் அதிகம் தாமதமாவது 'அரசு ஒப்புக்கொள்ள' என்ற படியில். சுற்றுலா போய்விடும், மீன் ஏற்றுமதி நின்றுவிடும் என்ற பயத்தில் 'கடும் வயிற்றுப்போக்கு' என்றே எழுதிக்கொண்டிருப்பார்கள். ஏமனில் 2017-இல் வருவதாக இருந்த ஐந்து லட்சம் டோஸ் வராமலே போயிற்று. முதல் முகாம் 2018 மே மாதம் ஏடனில்தான் நடந்தது. அதற்குள் சந்தேகத்துக்குரிய நோயாளிகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரத்துச் சாவுகளைத் தடுப்பு மருந்து எந்த நாட்டிலும் தடுத்துவிடாது. அந்த வாரங்களில்தான் நூறு நோயாளிக்கு இறப்பவர்கள் பொதுவாக அதிகம்.

பன்னாட்டு உதவி என்றாலே நல்லதுதான் வரும் என்றும் இல்லை. 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா நுழைந்தது ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால். எட்டு லட்சத்துக்கு மேல் பாதிப்பு, பத்தாயிரத்தை ஒட்டிய சாவு. ஐ.நா. பொதுச்செயலர் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அறிவித்த 40 கோடி டாலர் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது சிறு பங்கே.

நம் பக்கத்துக்கு வருவோம். காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். எனவே குளோரின் கணக்கு நமக்கும் உரியது.

25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம், 1,000 லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டருக்கு 1 மி.கி. குளோரினைத் தரும். தண்ணீரிலுள்ள அழுக்கு அதில் ஒரு பகுதியைத் தின்ற பிறகு, அரை மணி கழித்து 0.5 மி.கி. எஞ்சியிருக்க வேண்டும். பரவல் நேரத்தில் அந்த 0.5 தொட்டியில் இருந்தால் போதாது, கடைசி வீட்டுக் குழாயிலும் இருக்க வேண்டும். டேங்கர் லாரியில் நிரப்பும்போது 2 மி.கி. இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் இந்தக் கணக்கு செல்லாது. முதலில் தெளிய வைக்க வேண்டும். மூட்டை பிரித்து ஈரக்காற்றில் கிடந்த பவுடர் சில மாதத்தில் பாதி வீரியம்கூட இல்லாமல் போகும். அதே 4 கிராம் அளந்து போட்ட ஊழியர் மேல் தவறில்லை, குழாயில் குளோரின் பூஜ்யம். அளந்து போட்டதற்கு நோட்டில் கையெழுத்து இருக்கும்; குழாயடியில் சோதித்ததற்கு இருக்காது.

விட்டு விட்டு வரும் தண்ணீர் விநியோகம் இன்னொரு வினை. குழாயில் தண்ணீர் நின்றதும் உள்ளே அழுத்தம் குறைகிறது. அதோடு வீட்டு மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சினால், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுபடுகிறது. தண்ணீர் விட்ட முதல் சில நிமிடம் கலங்கலாக வருவதைப் பார்த்துவிட்டு 'துரு' என்று சொல்லிக்கொள்கிறோம்.

அப்புறம் பிளீச்சிங் பவுடரால் போடும் அந்தத் தெருவோர வெள்ளைக் கோடு. பேதி என்றாலும் மந்திரி வருகை என்றாலும் நம் ஊரில் முதலில் நடப்பது அது. காலரா தண்ணீரிலும் கையிலும் சோற்றிலும் பயணிக்கிறது. தார்ச்சாலை ஓரத்தில் அல்ல. மேலே சொன்ன கணக்கின்படி தெருவில் தூவிய ஒவ்வொரு கிலோவும் இரண்டரை லட்சம் லிட்டர் குடிநீருக்குப் போட வேண்டியது. நோயாளியின் வீட்டுக்குள் மருந்தடிப்பதும் அநேகமாக இதே ரகம். அந்த வீட்டுக்கு சோப்பும் மூடியுள்ள குடமும் குளோரின் மாத்திரையும் கொடுப்பது மேல். சிகிச்சை மையத்தில் மட்டும் வலுவான கரைசல்கள் தேவை. 70 சதவீத குளோரின் தூள் என்றால், பேதி வாளிக்கு லிட்டருக்கு 30 கிராம் (2 சதவீதம்), தரைக்கு லிட்டருக்கு 3 கிராம் (0.2 சதவீதம்), கை கழுவ 10 லிட்டருக்கு 7 கிராம் (0.05 சதவீதம்). மூன்று வாளிக்கும் மூன்று நிறம் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தரைக்கானதில் கை கழுவிப் புண்ணாகும்.

வீட்டில் கரைசல் கலப்பதைக் கற்றுக்கொடுத்ததில் வங்கதேசத்தின் பிராக் அமைப்பை மிஞ்சியவர் இல்லை. 1980 முதல் பத்து வருடம் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்று பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளில் தாய்மார்களைக் கேட்டு, கலக்கச் சொல்லிப் பார்ப்பார். எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கற்பித்தவருக்குப் பணம். அப்படியும் தொடக்கத்தில் கற்றவர்கள் பயன்படுத்தவில்லை. விசாரித்தால், கற்பித்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை! அவர்களை நம்ப வைத்து, பிறகு ஆண்களையும் கூட்டி உட்கார வைத்துப் பேசிய பின்புதான் பழக்கம் வேர் பிடித்தது. நம் சுவரொட்டிகளும் உறுதிமொழி ஏற்புகளும் இதோடு ஒப்பிடத் தகுந்தவை அல்ல.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இதுதான். காலராச் செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் டோஸ் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு எண்களைச் சேருங்கள்: நூறு நோயாளிக்கு எத்தனை பேர் இறந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை மையத்துக்கு வந்து சேராமலே இறந்தார்கள். இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகளில் பெரும்பாலும் இருக்கும். உள்ளூரில் பேதி பரவினால், நகராட்சியிடம் 'நடவடிக்கை எடுத்தீர்களா' என்று கேட்பதை விட்டு, கடைசிக் குழாயில் குளோரின் அளவு என்ன, எந்தத் தேதியில் பார்த்தது என்று நிருபர்கள் கேட்கலாம்.

மழைக்காலத்தில் பெட்டிச்செய்தியாகப் போடும் ஓ.ஆர்.எஸ். குறிப்பிலும் ஒரு திருத்தம் தேவை. 'ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கவும்' என்று பொதுவாகப் போடாதீர்கள். கடைகளில் ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் 200 மி.லி.க்கான சிறிய பாக்கெட்டும் இரண்டுமே கிடைக்கின்றன. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டினால் லிட்டருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடும். கடல் தண்ணீரை நெருங்கும் உப்பு அது, குழந்தைக்கு வலிப்பு வரலாம். சிறியதை லிட்டரில் கரைத்தால் வெறும் தண்ணீர் கொடுத்ததற்குச் சமம். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காத ராத்திரிக்கு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்லதே. 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்த இனிப்பு பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. பெட்டியில் வந்தாலும் பாக்கெட்டில் வந்தாலும், பின்பக்கத்தில் லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 என்று இருக்கிறதா என வாசகர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரத் துறையைச் சார்ந்த வாசகர்,
நாகப்பட்டினம்